மலிவு யூனிட்டைக் குவித்து அடிக்கிற ஆட்டம்: எதனால் வெல்கிறது, எங்கே உடைகிறது

கோண்டாவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர்களுடைய கூட்டத்தில் ஒருவர், பேஸ் கட்டிப் படை சேர்த்துச் சண்டை பிடிக்கிற எந்தக் கேம் என்றாலும் சரி, விலை குறைந்த யூனிட்டை (படையாளை) மட்டுமே கட்டிக் குவித்துக்கொண்டு வந்து ஒரே அடியில் எல்லோரையும் முடித்துவிடுகிறாராம். ஸ்டார்கிராஃப்ட் 2 என்றால் ஸேர்க் தரப்பின் ஸேர்க்லிங் என்ற சின்னக் கடிக்கிற பிராணி, ரெட் அலர்ட் 2 என்றால் கொன்ஸ்கிரிப்ட் என்ற சோவியத் காலாள், ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2 என்றால் கோத் தரப்பின் காலாட்படை. "இது திறமையா, குறுக்கு வழியா? எப்படித் தடுக்கிறது? நாங்கள் செய்தால் மட்டும் ஏன் சரிவருவதில்லை?" என்று மூன்று கேள்வி.

மூன்றாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது தம்பி, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் செய்யும்போது சரிவராததற்குக் காரணம், மலிவுதான் இதன் பலம் என்று நினைத்துக்கொண்டு செய்வது. மலிவு கூட்டம் சேர்க்க உதவும், அவ்வளவுதான். சண்டையை வெல்ல வைப்பது, அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் ஒரே நொடியில் அடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற கணக்கு. 50 ஸேர்க்லிங் வைத்திருந்தும் அதில் 8 மட்டும் கடித்துக்கொண்டு மிச்சம் 42 உம் பின்னால் நின்று முட்டிக்கொண்டிருந்தால், அந்த நொடியில் உங்களிடம் இருப்பது 8 ஸேர்க்லிங்தான்.

இதற்கு ஒரு கணக்கே இருக்கிறது. பிரெடெரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர், கார் செய்து பேர் வாங்கியவர், விமானப் போர் பற்றி 1916 இல் வெளியிட்ட புத்தகத்தில் இதை எழுதி வைத்தார். தூரத்திலிருந்து சுடுகிற இரண்டு படைகள் மோதும்போது, ஒரு படையின் பலம் ஆட்களின் எண்ணிக்கையோடு ஏறாது, எண்ணிக்கையின் வர்க்கத்தோடு ஏறும். ஒரே தரமான யூனிட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், 20 பேர் 10 பேரோடு மோதினால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று கேட்டால் அநேகமானவர்கள் 10 என்பார்கள். கணக்கு சொல்வது 400 இலிருந்து 100 ஐக் கழித்து 300, அதன் வர்க்கமூலம், அதாவது 17 பேர். மூன்று பேரைக் கொடுத்து பத்துப் பேரை எடுத்தாயிற்று. கூட்டமாக வருகிறவனுக்கு இழப்பும் குறைவு, அதுதான் அவன் அடுத்த நிமிசமே இன்னும் பெரிய கூட்டமாக நிற்பதற்குக் காரணம்.

இப்போது உங்கள் தோல்விக்கு வருவோம். உங்களிடம் 20 பேர், எதிராளியிடம் 15 பேர். 20 பேரும் சேர்ந்து போனால் 400 இல் 225 போக 175, ஏறக்குறைய 13 பேர் மிஞ்சி நீங்கள் வெல்கிறீர்கள். அதே 20 பேரை முதலில் பத்து, பிறகு பத்து என்று அனுப்பினால்? முதல் பத்தை முடித்தபிறகு அவனிடம் 225 இல் 100 போய் 125, அதாவது 11 பேர் சொச்சம் நிற்கிறார்கள். அடுத்த பத்தையும் முடித்தபிறகு அவனிடம் 5 பேர் உயிரோடு. அதே காசு, அதே யூனிட், அதே எதிராளி, ஆனால் ஆட்டம் தலைகீழ். உங்கள் கூட்டாளியிடமும் உங்களிடமும் உள்ள வித்தியாசம் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். பரக்ஸின் (ஆட்கள் பிறக்கிற கட்டடத்தின்) ரலி பொயின்டை, அதாவது பிறந்த ஆட்கள் போய் நிற்கிற இடத்தை, எதிராளியின் வாசலில் வைத்துவிட்டு, கட்டக் கட்ட ஒவ்வொன்றாக ஓடவிடுவது புதிதாக ஆடுகிற எல்லோரும் செய்வது. அவன் அதை ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே இருப்பான். ரலி பொயின்டை எதிராளியின் பேஸுக்கு வெளியே, அவன் கண்ணுக்குப் படாத ஒரு வெளியில் வையுங்கள். அங்கே கூட்டம் சேரட்டும். சேர்ந்தபிறகு ஒரே கட்டளை.

வர்க்கக் கணக்கு சொல்கிற இன்னொன்று, உங்களைவிட இரண்டு மடங்கு கூட்டத்தை நேருக்கு நேர் நின்று தாங்க வேண்டுமென்றால் உங்கள் ஒவ்வொரு யூனிட்டும் நான்கு மடங்கு தரமாக இருக்க வேண்டும். இரண்டு மடங்கு தரம் போதாது. டெக் ஏறி, அதாவது உயர்ந்த கட்டடங்களையும் ஆராய்ச்சியையும் முடித்து, பெரிய யூனிட் எடுக்கப் பார்க்கிறவன் நடுவழியில் அடிவாங்குவது இதனால்தான். அவனுடைய நல்ல யூனிட் நல்லதுதான், ஆனால் அந்த நிமிசத்தில் இரண்டுதான் இருக்கிறது.

ஆனால் இந்த வர்க்கக் கணக்கு எல்லோரும் எல்லோரையும் எட்டிச் சுட முடிகிற இடத்துக்குத்தான் பொருந்தும். கிட்டப் போய்க் கடிக்கிற யூனிட்களுக்கு, அதுவும் ஒடுக்கமான இடத்தில், கணக்கு சாதாரணக் கழித்தலாக இறங்கிவிடும், லான்செஸ்டரே அதைத் தனியாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார். நல்லூர்த் தேரன்று பின்னால் எத்தனை ஆயிரம் சனம் நின்றாலும் வாசலுக்குள் ஒரு நேரத்தில் போகக்கூடியவர்கள் அந்த வாசலின் அகலத்துக்குள் நிற்கிறவர்கள் மட்டும்தானே, ஒடுக்கமான ரம்பில் (சரிவுப் பாதையில்) ஏறுகிற ஸேர்க்லிங்குக்கும் அதே நிலைமை. அதனால் சுடுகிற மலிவு யூனிட்டையும் கடிக்கிற மலிவு யூனிட்டையும் ஒரே மாதிரி ஆட ஏலாது. மரைன் என்ற துப்பாக்கி ஆட்களின் கூட்டம் நெருங்கி நின்றால் பலம் கூடும், வெளியிலும் சுடும் ஒடுக்கத்திலும் ஓரளவு சுடும். ஸேர்க்லிங் கூட்டத்துக்கு வெளி வேண்டும், நாலு பக்கமும் சுற்றிப் பிடிக்க இடம் வேண்டும். எதிராளியின் படை மேப்பின் நடுவில் நடந்து வரும்போது பிடித்தால் விருந்து, அவன் வாசலில் போய் முட்டினால் சாவு.

ஸேர்க்லிங்கையும், எதிர்த் தரப்பான புரொட்டோஸின் ஸீலட் என்ற வெட்டுகிற வீரனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த ஆட்டத்தின் நுணுக்கம் முழுவதும் தெரியும், கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கோ. ஸேர்க்லிங் ஒரு சோடி 50 மினரல் (அந்தக் கேமின் காசு), ஒன்றின் விலை 25. ஸீலட் ஒன்று 100. ஆக ஒரு ஸீலட்டின் விலைக்கு நாலு ஸேர்க்லிங். ஸேர்க்லிங்கின் உயிர் 35. ஸீலட் ஒரு தடவை வெட்டினால் 8 உம் 8 உமாக 16 போகும். முதல் வெட்டில் 16, இரண்டாவதில் 32, இன்னும் 3 உயிர் மிச்சம், அந்த 3 க்காக மூன்றாவது வெட்டு வேண்டும். இப்போது ஸீலட் வைத்திருக்கிற ஆள் ஃபோர்ஜ் (அப்கிரேட் எடுக்கிற கட்டடம்) கட்டி முதலாவது ஆயுத அப்கிரேட்டை எடுத்துவிட்டான் என்று வைப்போம். 9 உம் 9 உம் 18. இரண்டு வெட்டில் 36, ஸேர்க்லிங் முடிந்தது. தாளில் பார்த்தால் அடி எட்டில் ஒரு பங்குதான் ஏறியிருக்கிறது, ஆனால் மூன்று வெட்டு இரண்டாகிவிட்டதால் அதே நேரத்தில் ஒன்றரை மடங்கு ஸேர்க்லிங் சாகிறது. நேற்று வரைக்கும் வென்றுகொண்டிருந்த அதே கூட்டம் இன்றைக்குக் கரைந்து போகும், ஏன் என்றே தெரியாது. அதற்குப் பதில் ஸேர்க் பக்கத்தில் முதலாவது கவச அப்கிரேட். ஒவ்வொரு 9 இலும் 1 குறைந்து திரும்ப 16, திரும்ப மூன்று வெட்டு. மலிவு யூனிட்டுக்கு அப்கிரேட் எதற்கு என்று கேட்கிறவர்கள் இந்த ஒரு கணக்கைப் பார்த்தால் போதும். சின்ன உயிர், சின்ன அடி உள்ள யூனிட்டுக்குத்தான் ஒவ்வொரு புள்ளியும் பெரிய விசயம். கடிக்கிற பக்கமும் அப்படித்தான், ஸேர்க்லிங்கின் அடி 5, ஸீலட்டின் கவசம் 1, ஷீல்ட் போனபிறகு ஒவ்வொரு கடியிலும் ஐந்தில் ஒன்று வீண்.

சரி, செய்கிற விதம். முதலில் உண்மையான விலை என்னவென்று விளங்கிக்கொள்ள வேண்டும். ஸேர்க்குக்கு ஒரு லார்வாவில் ஒன்றுதான் பிறக்கும், அது ஸேர்க்லிங் சோடியாக இருக்கலாம், இல்லாவிட்டால் மினரல் எடுக்கிற ட்ரோனாக இருக்கலாம். ஆரம்பத்தில் மூன்று சோடி ஸேர்க்லிங் எடுத்தீர்கள் என்றால் 150 மினரல் மட்டும் போகவில்லை, பிறந்திருக்க வேண்டிய மூன்று ட்ரோனும் அவை கொண்டுவந்திருக்கக்கூடிய மினரலும் சேர்ந்து போகிறது. அந்தக் கடனை எதிராளியின் பேஸில் போய் வசூலித்தே ஆக வேண்டும். வசூல் என்றால் அவனைக் கொல்வது மட்டுமல்ல. அவனுடைய புரோப்கள் (புரொட்டோஸின் வேலையாட்கள்) மினரல் எடுப்பதை விட்டுவிட்டுச் சண்டைக்கு வந்தாலே ஒரு பகுதி வசூலாகிவிட்டது. அவன் பயந்து போய் மேலதிகமாக இரண்டு கனன் (தற்காப்புப் பீரங்கி) கட்டினால் இன்னொரு பகுதி. அதனால் 12 பூல் ரஷ், அதாவது ஆரம்பத்துப் 12 ட்ரோனோடேயே ஸ்போனிங் பூல் (ஸேர்க்லிங்குக்கான கட்டடம்) கட்டி அவசர அடி போகிறவன், போன ஆறு ஸேர்க்லிங்கும் செத்துவிட்டால் தோற்றுவிட்டேன் என்று கையை விடத் தேவையில்லை. எத்தனை புரோப் போனது, எவ்வளவு நேரம் அவன் மினரல் எடுக்கவில்லை என்று பார்த்து, அதற்குள் வீட்டில் ட்ரோன் எடுத்திருந்தால் ஆட்டம் இன்னும் சமம்தான். இதற்கு வேண்டியது ஒரு முடிவு: அடி சரிவரவில்லை என்று தெரிந்த நொடியில் நிறுத்துவது. இரண்டாவது, மூன்றாவது என்று ஸேர்க்லிங்கை ஊற்றிக்கொண்டே போகிறவர்கள்தான் உண்மையில் தோற்கிறவர்கள்.

கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூட்டத்தை அனுப்பும்போது வெறும் ரைட் கிளிக் பண்ணி அனுப்பினால் அவை அடி வாங்கிக்கொண்டே போகும், திருப்பி அடிக்காது. ஏ விசையை அழுத்தித் தரையில் கிளிக் பண்ண வேண்டும், அட்டாக் மூவ். ஆனால் ஸேர்க்லிங்கை மட்டும் முதலில் வெறும் மூவில் எதிராளியின் படையைத் தாண்டி ஓடவிட்டு, பாதிக் கூட்டம் பின்பக்கம் போனபிறகு அட்டாக் மூவ் கொடுத்துப் பாருங்கள். முன்பக்கத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்த கூட்டம் சுற்றிவளைத்து நிற்கும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் அதே 24 ஸேர்க்லிங் முன்னைவிட எவ்வளவோ கூடச் செய்யும். வேக அப்கிரேட் 100 மினரலும் 100 காஸும் (இரண்டாவது வளம்), அதை எடுக்காமல் நடு ஆட்டத்தில் ஸேர்க்லிங் குவிப்பது காசைக் கரைப்பது. வேகம் இருந்தால் சுற்றலாம், சரிவராவிட்டால் திரும்பியும் ஓடலாம்.

பழைய கேம்களில் இந்தக் கூட்டம் நடத்துவதே கைவேலை. 1992 இல் வந்த டூன் 2 இல் ஒரு நேரத்தில் ஒரு யூனிட்டைத்தான் தெரிவு செய்யலாம். 1994 இன் வார்கிராஃப்டில் நாலு, இரண்டாவது வார்கிராஃப்டில் ஒன்பது, 1998 இன் ஸ்டார்கிராஃப்டில் பன்னிரண்டு. 60 ஸேர்க்லிங்கை ஒரே நேரத்தில் கொண்டுபோக வேண்டுமென்றால் ஐந்து குழு, ஐந்து ஹொட்கீ, ஐந்து கட்டளை, அதுவும் ஒரு சில நொடிக்குள். கமாண்ட் அண்ட் கொங்கர் (ரெட் அலர்ட்டின் தாய்த் தொடர்) பக்கத்தில் பெட்டி இழுத்தால் எல்லாம் வந்துவிடும், அதனால் அங்கே டாங்கிகளைக் குவித்து அடிப்பது எங்கட பெடியளுக்கு முதல் நாளே பழகிவிட்டது. 2010 இல் ஸ்டார்கிராஃப்ட் 2 அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது, ஆனால் அதோடு இன்னொன்றும் வந்தது, யூனிட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரு பந்தாக நகரும். பார்க்க அழகு, கூட்டத்தையே சேர்த்து அடிக்கிற பேன்லிங்குக்கும் கொலோசஸுக்கும் அதைவிட அழகு.

ரெட் அலர்ட் 2 இல் கொன்ஸ்கிரிப்ட் 100, ரைனோ டாங்கி 900. ஒரு டாங்கிக்கு ஒன்பது ஆள் என்று கேட்க நல்ல வியாபாரம்தான், ஆனால் அந்த டாங்கி சுடவே தேவையில்லை, மேலே ஏறி ஓட்டினாலே காலாட்கள் நசிந்து போவார்கள். உங்கள் கூட்டாளி கொன்ஸ்கிரிப்ட்டோடு வந்தால் டாங்கியை நிறுத்தி வைத்துச் சுடாதீர்கள், கூட்டத்துக்குள்ளே விட்டு முன்னும் பின்னும் ஓட்டுங்கள். சோவியத் பக்கத்தில் ஈராக் என்றால் ஒரு டெசொலேட்டரைப் போட்டு நிலத்தையே கதிர்வீச்சாக்கிவிட்டால் அந்தப் பக்கம் காலாள் வரவே முடியாது. இந்தக் கேமில் இன்னொரு விசயம், ஒரு வகை யூனிட்டுக்கு ஒரே ஒரு வரிசைதான், இரண்டாவது பரக்ஸ் கட்டினால் அந்த வரிசை வேகமாகும், இரண்டாவது வரிசை திறக்காது. காசு கிடந்தும் கூட்டம் சேரவில்லை என்றால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கோத் கதை வேறு. ஏஜ் 2 இல் கோத்துக்குக் காலாட்படை விலை குறைவு, காலம் ஏற ஏற இன்னும் குறையும், கடைசியில் பெர்ஃப்யூஷன் என்ற ஆராய்ச்சி வந்தபிறகு பரக்ஸ் இரண்டு மடங்கு வேகத்தில் ஆட்களைத் துப்பும், அனார்க்கி என்ற ஆராய்ச்சியை எடுத்தால் ஹஸ்கார்ல் என்ற அவர்களின் தனிக் காலாளும் பரக்ஸிலேயே வரும். ஹஸ்கார்லுக்கு அம்பு உறைக்காது. ஏழெட்டு பரக்ஸை எதிராளியின் பேஸுக்குப் பக்கத்திலேயே கட்டிவிட்டான் என்றால் நீங்கள் கொல்லக் கொல்ல வந்துகொண்டே இருக்கும், அந்த நேரத்தில் இழப்புக் கணக்கே அர்த்தமில்லாமல் போய்விடும், நிரப்புகிற வேகம்தான் கணக்கு. இதை அந்த நேரத்தில் நின்று தடுக்கப் பார்ப்பதே பிழை. கோத்தால் கல் மதில் கட்ட முடியாது, ஆரம்ப காலத்தில் தற்காப்பு மிக மோசம், ஆட்டத்தின் முதல் பாதியில் அவனை நிம்மதியாக இருக்கவிடாமல் அடிக்க வேண்டும். அவனை கடைசிக் காலமான இம்பீரியல் வரை சும்மா விட்டுவிட்டு அதற்குப் பிறகு பொதுவில் பேலன்ஸ் இல்லை என்று கத்துவது நியாயமில்லை. எப்படியோ அங்கே வந்துவிட்டான் என்றால் கைத்துப்பாக்கிக்காரர், ஸ்கோர்பியன், பைசண்டைன் என்றால் கட்டஃப்ராக்ட் குதிரைப்படை. கோத்துக்குக் கடைசிக் காலாள் கவசம் கிடையாது, நேருக்கு நேர் நல்ல சாம்பியன் வாள்வீரர்களும் தாங்குவார்கள்.

அதே கேமில் நான் மிகவும் விரும்புகிற இன்னொரு கட்டம் இருக்கிறது. தங்கம் முடிந்தபிறகு வருகிற சண்டை. மேப்பில் தங்கம் வரையறுக்கப்பட்டது, நீண்ட ஆட்டத்தில் அது தீர்ந்துபோகும். அதன்பிறகு மிஞ்சுவது தங்கம் தேவைப்படாத யூனிட்கள்தான்: ஈட்டிக்காரன், 35 உணவும் 25 மரமும்; ஸ்கர்மிஷர் என்ற எறியீட்டிக்காரன், 25 உணவும் 35 மரமும்; 80 உணவுக்கு இலேசான குதிரைப்படை. விலை கூடிய பலடின் குதிரைவீரன் வைத்திருந்தவனும் யானை வைத்திருந்தவனும் இப்போது ஒரே நிலைமை. இந்த மூன்றும் ஒன்றையொன்று வெல்கிற வட்டம், ஈட்டி குதிரையை, குதிரை ஸ்கர்மிஷரை, ஸ்கர்மிஷர் ஈட்டியை. இங்கே வெல்கிறவன் நிறையப் பண்ணை வைத்திருந்தவன், மரத்தை வீணாக்காதவன், எதிராளியின் கலவையைப் பார்த்து அரை நிமிசத்துக்குள் தன் கலவையை மாற்றுகிறவன். குவித்து அடிப்பதில் மூளை இல்லை என்று சொல்கிறவர்கள் ஒரு தடவை இந்தக் கட்டத்தை ஆடிப்பார்க்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்று. 2022 ஏப்ரலில் வந்த இந்திய வம்சங்கள் பற்றிய விரிவாக்கத்தில் திராவிடர் என்று ஒரு தரப்பு வந்தது, அவர்களுடைய ஆட்கள் தமிழில் பதில் சொல்வார்கள், ராஜேந்திர சோழனுக்கு ஒரு தனிக் கதை ஆட்டமும் உண்டு. பரக்ஸ் ஆராய்ச்சிகள் அவர்களுக்குப் பாதி விலை, உருமி வீச்சுக்காரன் ஒரே வீச்சில் பக்கத்தில் நிற்கிறவர்களையும் சேர்த்து வெட்டுவான். காலாள் கூட்டம் குவிக்கவும், வருகிற கூட்டத்தை உடைக்கவும் இரண்டுக்குமே நல்ல தரப்பு. குதிரைப்படை பலவீனம், அதை மனதில் வைத்துக்கொண்டு ஆட வேண்டும்.

எல்லாக் கேமும் இந்த முறையை வரவேற்பதில்லை. வார்கிராஃப்ட் 3 ஐச் செய்தவர்கள் இதைத் திட்டம் போட்டே அடைத்தார்கள். ஃபுரோஸன் துரோன் விரிவாக்கத்தில் படை 50 உணவைத் (அங்கே படையின் அளவை அளப்பது உணவால்) தாண்டினால் தங்க வரவில் 30 சதவீதம் வெட்டு, 80 ஐத் தாண்டினால் 60 சதவீதம். அதற்கு மேல், நீங்கள் இழக்கிற ஒவ்வொரு மலிவு யூனிட்டும் எதிராளியின் ஹீரோவுக்கு அனுபவப் புள்ளி. கூட்டத்தை அனுப்பிச் சாகக் கொடுத்தால் அவனுடைய ஹீரோவை நீங்களே வளர்த்துவிடுகிறீர்கள். 1997 இல் வந்த டோட்டல் அனிஹிலேஷனில் வேறு மாதிரி, செத்த யூனிட்டின் இரும்பு தரையில் கிடக்கும், அதை யார் பக்கத்தில் நிற்கிறானோ அவன் கரைத்து எடுத்துக்கொள்ளலாம். சரிவராத ரஷ் என்றால் எதிராளியின் வாசலில் கொண்டுபோய் மெட்டல் கொட்டியது போலத்தான் முடியும். அங்கே அடிப்பதை விட, அடித்த இடத்தைக் கையில் வைத்திருப்பது முக்கியம்.

இனித் தடுக்கிற கதை. முதலாவது கண். ஸ்டார்கிராஃப்ட் 2 இல் உங்கள் புரோப் அவனுடைய பேஸுக்குள் போகும்போது இரண்டாவது ஹச்சரி (ஸேர்க்கின் பிரதான கட்டடம்) இல்லை, ஸ்போனிங் பூல் மட்டும் பாதிக்கு மேல் வளர்ந்து நிற்கிறது என்றால் வேறு யோசனை தேவையில்லை, ஆட்டத்தின் இரண்டாவது நிமிசத்தை ஒட்டி ஸேர்க்லிங் வாசலில் நிற்கும். அந்த நொடியில் இருந்து உங்கள் திட்டம் எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். காஸ் தேவையில்லை, டெக் தேவையில்லை, ஸீலட்டும் இரண்டாவது கேட்வேயும் (ஸீலட் வருகிற கட்டடம்) மட்டும். உங்களுக்குச் சாதகமான ஒரு விசயம், அவன் பொருளாதாரத்தை அடகு வைத்துவிட்டு வந்திருக்கிறான். நீங்கள் அவனை வெல்ல வேண்டியதில்லை, சாகாமல் இருந்தால் போதும்.

இரண்டாவது இடம். முன்னே சொன்ன கணக்கில் அவனுக்கு வேண்டியது வெளி, அந்த வெளியை நீங்கள் கொடுக்கக் கூடாது. கேட்வேக்களை வைத்து வாசலை அடைத்து, ஒரு யூனிட் நிற்கக்கூடிய இடைவெளி விட்டு, அதில் ஒரு ஸீலட்டை ஹோல்ட் பொசிஷனில் (இடம் நகராமல் நிற்கிற கட்டளையில்) நிறுத்துங்கள். ஏஜ் 2 என்றால் மரவேலி, விலை அற்பம், அவசியம் கட்டிவிட வேண்டும். யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றி நடந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். போர்த்துக்கேயர் கட்டிய சதுரக் கோட்டையை 1658 இல் பிடித்த ஒல்லாந்தர், பிறகு ஐங்கோணமாக மாற்றிக் கட்டினார்கள், ஐந்து மூலையிலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கொத்தளம். எந்த மதிலை நோக்கி ஓடினாலும் இரண்டு பக்கத்துக் கொத்தளத்தில் இருந்தும் விலாவில் சூடு விழும். உங்கள் டவரையும் கனனையும் அப்படி வையுங்கள், ஒன்றை அடிக்கிறவன் இன்னொன்றின் எட்டுக்குள் நிற்க வேண்டும். வரிசையாக வைத்தால் அவன் ஓரத்தில் இருந்து ஒவ்வொன்றாகக் கழற்றுவான்.

வேலையாட்களை இழுக்கப் பயப்படாதீர்கள், ஆனால் இழுக்கிற விதம் முக்கியம். எல்லோரையும் ஒரேயடியாக வெளியே அனுப்பி வெளியில் சண்டை பிடித்தால் ஸேர்க்லிங் சுற்றிவளைத்துக் கொன்றுவிடும். மினரலுக்கும் நெக்ஸஸ் என்ற உங்கள் பிரதான கட்டடத்துக்கும் இடையில் வைத்துச் சண்டை பிடியுங்கள், அங்கே சுற்றிப் பிடிக்க அவனுக்கு இடமில்லை. அடி வாங்குகிற புரோப்பைத் தூரத்து மினரலில் கிளிக் பண்ணினால் அது மற்ற யூனிட்களுக்குள்ளாலேயே ஊடுருவிப் போய்விடும், மினரல் எடுக்கப் போகிற வேலையாளை யாரும் மறிக்க முடியாது. இதைச் செய்யத் தெரிந்தவன் ஆறு ஸேர்க்லிங்குக்கு இரண்டு புரோப்கூடக் கொடுக்காமல் முதல் ஸீலட் வரும்வரை ஓட்டிவிடுவான்.

நடு ஆட்டத்துக்குப் பிறகு பரவி அடிக்கிற ஆயுதம்தான் பதில், சீஜ் டாங்கி, கொலோசஸ், பேன்லிங், ஏஜ் 2 இல் ஒனேஜர் என்ற கல்லெறி இயந்திரம். கூட்டம் நெருங்கி நிற்பதுதான் அவன் பலம் என்றால், நெருங்கி நிற்பதையே அவனுக்கு ஆபத்தாக மாற்றுவது. ஒரே ஒரு எச்சரிக்கை, ஒவ்வொரு அடியும் பெரிதாக, மெதுவாக விழுகிற யூனிட்டை மட்டுமே நம்பி இருக்காதீர்கள். பழைய ஸ்டார்கிராஃப்டில் ஆறு சீஜ் டாங்கி நின்றால் ஆறும் முன்னால் வருகிற ஒரே ஸேர்க்லிங்குக்குச் சுட்டுவிட்டு அடுத்த குண்டு வரும்வரை பார்த்துக்கொண்டு நிற்கும், அதற்குள் மிச்சக் கூட்டம் மேலே ஏறிவிடும். அதைத் தெரிந்தவர்கள் முன்னால் ஒன்றிரண்டை வேண்டுமென்றே ஓடவிட்டுக் குண்டை வாங்கிக்கொள்வார்கள். ஸ்டார்கிராஃப்ட் 2 இல் டாங்கிகள் அப்படி வீணாக்காது. டாங்கிக்கு முன்னால் எப்போதும் நாலைந்து மரைனாவது நிற்கட்டும்.

திறமையா, குறுக்கு வழியா என்ற முதல் கேள்வி. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கம்பஸ் பக்கம் நான் நெற் கஃபே நடத்திய காலத்தில் பெடியள் தங்களுக்குள்ளேயே ஒரு சட்டம் வைத்திருப்பார்கள், முதல் 15 நிமிசத்துக்கு யாரும் யாரையும் அடிக்கக் கூடாது என்று. மணித்தியாலக் கணக்கில் காசு கொடுத்து இருப்பவன் மூன்று நிமிசத்தில் செத்துப்போய் மற்றவர்களின் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க விரும்ப மாட்டான், அது நியாயம்தான். ஆனால் அந்தச் சட்டத்தோடு வளர்ந்தவர்கள் தற்காப்பே இல்லாமல் பொருளாதாரம் மட்டும் வளர்க்கப் பழகிவிட்டார்கள், இன்டர்நெட்டில் வெளியாட்களோடு ஆடப் போனதும் திகைத்து நின்றார்கள். இந்தக் கேம்களின் அடித்தளமே மூன்று பக்கச் சமநிலை. பேராசையாக வளர்க்கிறவனை ரஷ் அடிக்கிறவன் வெல்வான், ரஷ் அடிக்கிறவனைக் கவனமாகத் தற்காக்கிறவன் வெல்வான், அளவுக்கு மீறித் தற்காக்கிறவனைப் பேராசைக்காரன் வெல்வான். ரஷ் என்ற ஒன்றைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் இரண்டில் பேராசை மட்டுமே வெல்லும், பிறகு எல்லோரும் ஒரே ஆட்டம்தான் ஆட வேண்டும்.

உச்சத்தில் ஆடியவர்களே இதைச் செய்திருக்கிறார்கள். 2004 நவம்பரில் கொரியாவின் ஸ்டார்கிராஃப்ட் போட்டியான எவர் ஸ்டார்லீக்கின் அரையிறுதியில் பொக்ஸர் என்று அழைக்கப்படுகிற லிம் யோ-ஹ்வான், தன்னுடைய நீண்டகாலப் போட்டியாளரான ஹொங் ஜின்-ஹோவை 3-0 என்று வென்றார். மூன்று ஆட்டத்திலும் ஒரே வித்தை, ஆரம்பத்திலேயே சில மரைன்களோடு போய் எதிராளியின் வாசலில் பங்கர் (காவலரண்) கட்டி அடிப்பது. பெரிய சண்டையை எதிர்பார்த்து இருந்த இரசிகர்கள் கொதித்துப் போனார்கள், இன்றைக்கும் கொரியாவில் அதைப் பற்றிக் கதைக்கிறார்கள். என்னுடைய பார்வையில் அது அந்த ஆளின் மிகப் பெரிய ஆட்டங்களில் ஒன்று. மூன்றாவது தடவையும் அதையே செய்வான் என்று யாரும் நம்பமாட்டார்கள் என்று அவர் கணித்தார், அந்தக் கணிப்பில் ஓர் அரையிறுதியையே பணயம் வைத்தார்.

பழகுவதற்கு ஒரு யோசனை. ஸ்டார்கிராஃப்ட் 2 இலவசம்தான், ஆனால் அதற்கு லான் (இன்டர்நெட் இல்லாமல் பக்கத்துக் கொம்பியூட்டர்களை இணைத்து ஆடுகிற) வசதி இல்லை, கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தால் ஆட்டமும் போச்சு. பழைய ஸ்டார்கிராஃப்ட் 2017 இல் இருந்து இலவசம், லானில் ஓடும். ஓபன்ஆர்ஏ என்று முதலாவது ரெட் அலர்ட்டின் திறந்த மூலப் பதிப்பு இருக்கிறது, பழைய லப்டொப்பிலும் ஓடும், காசு தேவையில்லை, லானிலும் ஆடலாம். கூட்டம் பெரிதாக வேண்டும், டோட்டல் அனிஹிலேஷன் மாதிரி வேண்டும் என்றால் பியொண்ட் ஓல் ரீசன், அதுவும் இலவசம், ஆனால் கொஞ்சம் நல்ல கொம்பியூட்டர் வேண்டும். உங்கள் கூட்டாளியோடு அடுத்த தடவை ஆடும்போது ரீப்ளே (ஆடிய ஆட்டத்தைத் திரும்பப் பார்க்கிற) வசதி உள்ள ஒரு கேமாகத் தெரிவு செய்யுங்கள். ஆட்டம் முடிந்தபிறகு ரீப்ளேயைத் திறந்து, அவனுடைய கூட்டம் முதல் அடி அடிக்கிற நொடியில் நிறுத்துங்கள். அவன் பக்கத்தில் எத்தனை யூனிட் உண்மையில் அடித்துக்கொண்டிருக்கிறது, உங்கள் பக்கத்தில் எத்தனை என்று எண்ணுங்கள். பிறகு அரை நிமிசம் பின்னால் போய், உங்களுடைய மிச்ச யூனிட்கள் அந்த நேரத்தில் மேப்பில் எங்கே நின்றன என்று பாருங்கள். அந்த ரீப்ளேயை எனக்கும் அனுப்பினால் எந்த இடத்தில் வாசலை அடைத்திருக்கலாம் என்று சொல்லலாம்.